எத்ரெத்தா: கடல் திறந்த மூன்று வாசல்கள்

1

1885 நவம்பர் 27. பிரான்சின் வடக்கே, நார்மண்டிக் கடற்கரையில் எத்ரெத்தா என்றொரு சிற்றூர். அங்கே வெள்ளைப் பாறைச் சுவரின் அடியில், பாறைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த கொஞ்ச இடத்தில் கேன்வாஸைப் பொருத்தி ஒருவர் படம் வரைந்துகொண்டிருந்தார். அலை பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஓதம் வற்றிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் பின்வாங்கும் நேரம்தான் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பு. ஓத அட்டவணையை அவர் தவறாகப் படித்திருந்தார். ஒரு பேரலை வந்து ஆளைத் தூக்கிப் பாறையில் அறைந்தது. நுரைக்குள் உருண்டு, தண்ணீர் இழுத்துப் பிடித்து, இதோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில் கையும் காலுமாகத் தவழ்ந்து எப்படியோ கரையேறினார். வண்ணத்தட்டு முகத்தில் அடித்ததில் தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும்.

அவர் பெயர் கிளோத் மோனே. அப்போதுதான் 45 வயது முடிந்திருந்தது. ஆள் அரண்டுபோய் ஊருக்குக் கிளம்பியிருப்பார் என்றால், இல்லை. ஆலிஸ் ஓஷ்தேக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதிகம் வருந்துவது போன படத்தைப் பற்றித்தான். அடிபட்டதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக இதை ஒரு கலைஞனின் பித்து என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அலை வந்து அடிக்கிற அளவுக்கு ஒருவர் ஓரிடத்தில் நின்றிருக்கிறார். அவ்வளவு நேரம். அவர் முன்னால் இருந்தது கடல் குடைந்த ஒரு பாறை வளைவு. இன்று உலகில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்படும் பாறைகளில் அதுவும் ஒன்று. அந்த வளைவுகளின் கதையை, அவற்றின் முன் மனிதர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதன் கதையாகவும் சொல்லலாம்.

2

பள்ளிப் புவியியல் புத்தகத்தில் கடல் ஓங்கல், கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் என்று வரிசையாகப் படித்திருப்போம். இரண்டு மதிப்பெண் கேள்வி. எத்ரெத்தாவில் அந்தப் பாடம் முழுவதும் ஒரே கடற்கரையில் நிற்கிறது.

ஊர் ஒரு பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிறது. கடலைப் பார்த்து நின்றால் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். வலப்பக்கச் சுவரின் முனையில் சின்னதாக ஒரு வளைவு, போர்த் தாமோன். இடப்பக்கம் பாறை கடலுக்குள் கால் நீட்டியதுபோல் இன்னொன்று, போர்த் தாவால். யானை தும்பிக்கையைக் கடலில் விட்டுத் தண்ணீர் குடிப்பது போல என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்குப் பக்கத்தில் கடலுக்குள் தனியாக நிற்கும் கூரான தூணுக்கு 'ஊசி' என்று பெயர். 50 மீட்டருக்கு மேல் உயரம். இன்னும் தெற்கே, ஊர்க் கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மூன்றிலும் பெரியதான மான்போர்த். மோனே அடிபட்டது அதன் அருகில்தான்.

பெயர்களைப் பிரித்தால் நமக்கு அந்நியமாக இருக்காது. போர்த் என்றால் வாசல். அமோன், அவால் என்பவை நீரோட்டத்தின் மேல்பக்கமும் கீழ்பக்கமும். அதாவது மேல்வாசல், கீழ்வாசல். மான்போர்த் என்பதைப் பெருவாசல் என்று பொருள் சொல்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இந்தக் கட்டுரையில் நான் இந்தத் தமிழ்ப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சுவர் ஏன் இவ்வளவு வெள்ளை? டைனோசர்கள் இருந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த இடம் கடலடி. கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் சுண்ண ஓடுகள் கோடிக்கணக்கில் அடியில் படிந்து படிந்து இறுகியதுதான் இந்த வெண்சுண்ணப் பாறை. வெள்ளைக்கு நடுவில் கிடைமட்டமாகக் கறுப்புக் கோடுகள் ஓடும். அவை சிக்கிமுக்கிக்கல். சிலிக்கா சேர்ந்து கெட்டியானது. ஒரு நோட்டுப் புத்தகத்துக்குக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

வளைவு உண்டாவது அலையால் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மழைத்தண்ணீர் மேலிருந்து விரிசல்களுக்குள் இறங்கிச் சுண்ணத்தைக் கரைக்கிறது. கீழிருந்து அலை அதே விரிசலைத் தேடி வந்து அடிக்கிறது. அலை வீசும் கூழாங்கற்கள் சுத்தியலாக வேலை செய்கின்றன. விரிசல் குகையாகி, குகை மறுபக்கம் திறந்து வளைவாகும். வளைவின் மேற்கூரை ஒருநாள் விழும். வெளிப்பக்கக் கால் மட்டும் தூணாக நிற்கும். பிறகு தூணும் விழும். கீழ்வாசல் இன்னும் வளைவு. ஊசி தாயிடமிருந்து பிரிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்ட தூண். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இவை இரண்டும் ஒரே கதையின் வேறு வேறு பக்கங்கள்.

இன்னொரு விஷயம். பாறைச் சுவர் உடைந்து விழும்போது சுண்ணம் கரைந்துபோகிறது. சிக்கிமுக்கிக்கல் கரையாது. கடல் அதை உருட்டி உருட்டிக் கூழாங்கல்லாக்கிக் கரையில் குவிக்கிறது. எத்ரெத்தா கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். அந்தக் குவியல்தான் புயல் நேரத்தில் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு சுவரின் அடியையும் ஊரையும் காக்கிறது. இடிந்து விழுந்தது, இன்னும் இடியாமல் நிற்பதற்குக் காவல் நிற்கிறது.

3

ஓவியர்கள் வருவதற்கு முன் இந்த ஊருக்குத் தன் வேலை இருந்தது. மீன்பிடி ஊர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழ்வாசலுக்கு அருகே பாறையைத் தொட்டியாக வெட்டிச் சிப்பி வளர்த்தார்கள். மரி அந்துவானெத் அரசியின் மேசைக்குப் போன சிப்பி என்று சொல்வார்கள். ஓதம் நன்றாக வற்றும்போது அந்தத் தொட்டிகளின் தடம் இன்றும் தெரியும்.

ஊருக்கு அடியில் ஓடும் நல்ல தண்ணீர் ஊற்று கடற்கரையில்தான் வெளிவருகிறது. கடல் பின்வாங்கும் நேரம் பார்த்துப் பெண்கள் துணி மூட்டைகளோடு வருவார்கள். கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து, ஊறும் நல்ல தண்ணீரில் துவைத்து, கற்கள் மேலேயே காயப்போடுவார்கள். கடல் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஓத அட்டவணை அந்தப் பெண்களுக்கு மனப்பாடம். மோனேயைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கடலுக்கு லாயக்கில்லாமல் போன பழைய படகுகளைக் கரையேற்றி, மேலே வைக்கோல் கூரை வேய்ந்து, வலையும் கயிறும் வைக்கும் கொட்டகையாக்கிக்கொண்டார்கள். கலோஜ் என்பது அதற்குப் பெயர். கூர்பேயின் படத்திலும் மோனேயின் படங்களிலும் கரையோரம் கறுப்பாகக் குந்தியிருப்பவை இவைதான்.

1830களில் எழுத்தாளர் அல்போன்ஸ் கார் இந்த ஊரைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுத, பாரிஸ்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். யூஜின் இசபே, தெலக்ருவா போன்ற ஓவியர்களும் வந்தார்கள். பிறகு வில்லாக்கள், சூதாட்ட விடுதி, கோடைக்காலக் குளியல். இசையமைப்பாளர் ஓஃபன்பாக் இங்கே வீடு கட்டினார். 1895இல் ரயிலும் வந்தது. மீனவர்கள் மெல்ல மெல்லக் காட்சியின் ஓரத்துக்குப் போனார்கள்.

1868, 69 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தச் சின்னக் கடற்கரையில் யார் யாரெல்லாம் இருந்தார்கள் என்று பார்த்தால் ஒரு நாவலே எழுதலாம். 1868இல் ஆங்கிலக் கவிஞர் ஸ்வின்பர்ன் மேல்வாசல் பக்கம் நீந்தப் போனார். நீரோட்டம் அவரை இழுத்துக்கொண்டு போனது. மீன்பிடிப் படகு ஒன்று தூக்கிக் காப்பாற்றியது. உதவிக்கு ஓடிய இன்னொரு படகில் உள்ளூர்ப் பையன் ஒருவன் இருந்தான். வயது 18. கவிஞர் நன்றியாக அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தப் பையன்தான் மாப்பசான். நம் சிறுகதைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த அதே மாப்பசான்.

அந்தக் குளிர்காலத்தில் 28 வயது மோனே, கமீல், ஒரு வயதைக் கடந்த மகன் மூவரும் எத்ரெத்தாவில் வாடகை வீட்டில் இருந்தார்கள். கையில் காசில்லாத காலம். பனியில் வேலிக் கதவின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் மேக்பை பறவையை அவர் வரைந்தது அப்போதுதான். பாரிஸ் சலோன் கண்காட்சி அந்தப் படத்தை நிராகரித்தது.

அடுத்த கோடையில் கூர்பே வந்தார். கடலை ஒட்டிய வீட்டில் தங்கி, புயல் ஓய்ந்த பிறகு கழுவி விட்டதுபோல் நிற்கும் கீழ்வாசலை வரைந்தார். 1870 சலோனில் வைக்கப்பட்ட அந்தப் படம் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூர்பே வேலை செய்வதைப் பார்த்த நினைவையும் மாப்பசான் பின்னாளில் எழுதியிருக்கிறார்: வெறும் அறை, அழுக்கும் பிசுக்குமாக ஒரு தடித்த மனிதர், சமையலறைக் கத்தியால் வெள்ளைச் சாயத்தை அப்புகிறார், நடுநடுவே ஜன்னலில் நெற்றியை வைத்துப் புயலைப் பார்க்கிறார்.

4

1883 ஜனவரிக் கடைசியில் மோனே மறுபடி எத்ரெத்தா வருகிறார். கமீல் இறந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்கரை விடுதியில் அறை. கூர்பே அபாரமாக வரைந்துவிட்ட பாறையை மறுபடி வரையப் போவது துணிச்சல்தான், ஆனாலும் வேறு மாதிரி முயல்வேன் என்ற அர்த்தத்தில் ஆலிஸுக்கு எழுதினார். மூன்று வாரத்தில் ஏறத்தாழ 20 படங்களைத் தொடங்கினார்.

அதில் ஒன்று 'எத்ரெத்தா, சூரிய அஸ்தமனம்'. இப்போது அமெரிக்காவின் வடக்கு கரோலினா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. கீழ்வாசல், அதற்கு அப்பால் ஊசியின் முனை, தொடுவானத்துக்குச் சற்று மேலே ஆரஞ்சு வட்டமாகச் சூரியன். அந்தப் பயணத்தில் அவர் வரைந்தவற்றில் சூரிய வட்டம் முழுதாகத் தெரிவது இந்த ஒரு படத்தில்தான்.

டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானியற்பியலாளர் டொனால்ட் ஓல்சன் இங்கே நுழைகிறார். ஓவியம், இலக்கியம், போர் வரலாறு இவற்றில் வரும் வானத்தை வைத்து நாள் கணிப்பது அவருக்குப் பிடித்த வேலை. இந்தப் படம் எந்த நாள், எத்தனை மணி? இதைக் கண்டுபிடிக்க அவர் மாணவர்களோடு எத்ரெத்தாவுக்கே போனார்.

நாங்கள் மென்பொருள் வேலையில் ஒரு பக் எப்போது உள்ளே வந்தது என்று தேடுவதும் இப்படித்தான். தெரிந்த இரண்டு எல்லைகளை வைத்துக்கொண்டு, பொருந்தாததைத் தள்ளித் தள்ளி நடுவுக்கு வருவோம். ஓல்சன் குழு முதலில் மோனே நின்ற இடத்தைத் தேடியது. கடற்கரையில் நடக்க நடக்க, கீழ்வாசலுக்குப் பின்னால் ஊசி எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். படத்தில் தெரிகிற அளவுக்கே தெரியும் இடம் ஒன்றுதான். அந்த இடம் கிடைத்ததும், அங்கிருந்து பார்த்தால் சூரியன் படத்தில் இருக்கும் புள்ளியில் இறங்குவது எந்த நாட்களில் என்று கணக்குப் போட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் சில நாட்கள் மட்டுமே தேறின. மிச்சத்தை மோனேயின் கடிதங்களும், ஓத நிலையும், வானிலைக் குறிப்புகளும் கழித்துக் கட்டின. இந்த நாள் அண்ணன் வந்திருந்தார், வரையவில்லை. அந்த நாள் வேறு கரையில் வேலை. கடைசியில் ஒரு நாள் மிஞ்சியது. 1883 பிப்ரவரி 5, மாலை 4 மணி 53 நிமிடம். அது எத்ரெத்தாவின் சொந்த நேரம், பிரான்சுக்கு ஒரே தேசிய நேரம் 1891இல்தான் வந்தது. ஆய்வு 2014இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் வெளியானது.

மெட்டாடேட்டா இல்லாத ஒரு படத்திலிருந்து 130 ஆண்டு கழித்து மெட்டாடேட்டாவை எடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மோனே படங்களை அங்கேயே முடித்தவர் இல்லை. தொடங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் தொடர்ந்து வேலை செய்தார். ஓரிரு நிமிடத்தில் மறையும் சூரியனை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படத்தை எப்படி முடிப்பது? அப்படியென்றால் 4:53 என்பதற்கு என்ன அர்த்தம்? என் பதில்: அந்தப் படம் ஒரு நிமிடத்தில் உண்டானதில்லை, ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது. பிறகு எத்தனை முறை தொட்டாலும் சூரியனையும் ஊசியையும் அவர் இஷ்டத்துக்கு நகர்த்தவில்லை. நகர்த்தியிருந்தால் ஓல்சனின் கணக்கு எந்த நாளிலும் போய் நின்றிருக்காது.

அவர் வேலை செய்த விதத்தை 1885இல் நேரில் பார்த்த மாப்பசான் அடுத்த ஆண்டு எழுதினார். பின்னாலேயே குழந்தைகள் ஐந்தாறு கேன்வாஸ்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாம் ஒரே காட்சி, வேறு வேறு நேரம். வெளிச்சம் மாற மாற ஒன்றைக் கீழே வைத்து இன்னொன்றை எடுப்பார். பழைய வெளிச்சம் திரும்பி வரும்வரை அந்தப் படம் காத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓல்சனால் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், 1883க்கும் இன்றைக்கும் நடுவில் கீழ்வாசலும் ஊசியும் பெரிதாக மாறாமல் நின்றதுதான். நின்ற இடத்தைப் படத்தோடு ஒப்பிட, பாறை அங்கே இருக்க வேண்டும். பாறை போய்விட்டால் படம் மட்டும் மிஞ்சும், அதைச் சரிபார்க்க ஆள் இருக்காது.

5

பாறைகள் போகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கரையில் 'லண்டன் பிரிட்ஜ்' என்று இரட்டை வளைவுப் பாறை இருந்தது. 1990 ஜனவரி 15 அன்று கரையோடு இணைத்த வளைவு இடிந்து விழுந்தது. அந்தப் பக்கம் போயிருந்த இருவர் கடல் நடுவே பாறையில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. இப்போது அதன் பெயர் லண்டன் ஆர்ச். மால்டாவின் கோசோ தீவில் அஸூர் விண்டோ என்ற சுண்ணாம்புக்கல் வளைவு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் சீசனில் டேனரிஸ் கல்யாணக் காட்சியில் பின்னால் நிற்குமே, அது. 2017 மார்ச் 8 காலை புயலில் விழுந்தது. வளைவு மட்டும் இல்லை, அதைத் தாங்கிய தூணும் சேர்ந்து போனது. கலபகோஸில் டார்வின் ஆர்ச் 2021 மே 17 அன்று விழுந்தது. இரண்டு தூண்கள் மிச்சம்.

நார்மண்டியின் இந்தச் சுண்ணக் கடற்கரை சராசரியாக ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் பின்வாங்குகிறது. எத்ரெத்தா பக்கம் பாறை கொஞ்சம் கெட்டி என்பதால் வேகம் குறைவு. சராசரி என்பதும் ஏமாற்று வார்த்தைதான். பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரே ராத்திரியில் பல மீட்டர் சரியும்.

நான் போனது ஓர் அக்டோபரில், லு ஆவ்ர் நகரத்திலிருந்து பேருந்தில். 1200 பேர் அளவில் வாழும் ஊருக்கு ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பேர் வருகிறார்கள் என்று சொல்கிறார்கள். 2021இல் நெட்ஃபிளிக்ஸின் 'லூப்பின்' தொடரில் முதல் பகுதியின் கடைசி எபிசோடு இங்கே நடந்த பிறகு கூட்டம் இன்னும் ஏறிவிட்டது. அதற்கும் வரலாற்றில் வேர் உண்டு. 1909இல் புத்தகமாக வந்த 'உள்ளீடற்ற ஊசி' நாவலில் மொரீஸ் லெப்ளான், ஊசிக்குள்ளே பிரெஞ்சு அரசர்களின் புதையல் இருப்பதாகக் கதை கட்டினார். அவர் எத்ரெத்தாவிலேயே வீடு வைத்திருந்தவர். ஊசிக்குள் போக வழி எங்கே என்று விசாரிக்கும் ஆட்கள் உண்டாம்.

கீழ்வாசலின் மேலே ஏறும் பாதையில் வரிசையாக நின்றோம். எதிரே மேல்வாசல் பக்கத்துப் பாறை உச்சியில் நுங்கெஸ்ஸே, கோலி என்ற இரண்டு விமானிகளின் நினைவுச்சின்னம் தெரிந்தது. 1927 மே 8 அன்று பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறக்கக் கிளம்பியவர்கள், பிரான்ஸ் மண்ணை விட்டது இந்த வளைவுகளுக்கு மேலேதான். திரும்பவே இல்லை. அவர்களுக்கு எழுப்பிய முதல் சின்னத்தை இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படை தகர்த்தது. 1963இல் மறுபடி கட்டினார்கள். நான் நின்ற ஒரு மணி நேரத்தில் போனை அந்தப் பக்கம் திருப்பியவர்கள் மிகக் குறைவு. எல்லாப் போனும் ஊசியை நோக்கி.

ஒரு ஜோடி கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. வளைவு இருவர் தலைக்கு நடுவில் வர வேண்டும். பெண்ணின் தம்பி போல ஒருவன் "கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம்" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். மொழி புரியாவிட்டாலும் அது புரிந்தது. பாதையின் பல இடங்களில் தடுப்பு கிடையாது. விளிம்புக்குக் கீழே சுண்ணம் அரித்திருந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. இங்கிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. புல் தேய்ந்து வெள்ளை மண் தெரியும் இடங்கள் எல்லாம் படத்துக்கு நல்ல கோணம் கிடைக்கும் இடங்கள். கோணங்களை நிலமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நானும் அந்த இடங்களில் நின்றுதான் எடுத்தேன்.

கீழே கரையில், கல் எடுக்கக் கூடாது என்ற தடை இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையோரம் முழுக்கக் கூழாங்கல்லைத் தொழிற்சாலைகளுக்கு அள்ளி விற்றார்கள். அள்ள அள்ளக் கரையின் காவல் குறைந்தது. இப்போது ஆளுக்கு ஒரு கல் என்று நினைவுப் பொருளாக எடுத்தால்கூட அபராதம். ஒரு கல்தானே என்று தோன்றும். 15 லட்சத்தால் பெருக்கிப் பார்த்தால் தோன்றாது.

6

கூட்டத்தைத் திட்டுவது சுலபம். அது எனக்கு நியாயமாகவும் படவில்லை. கார் எழுதினார், இசபே வரைந்தார், கூர்பே வரைந்தார், மோனே வரைந்தார். அவர்கள் உண்டாக்கிய ஆசைதான் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. மோனேயும் முன்னால் ஒருவர் வரைந்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தவர்தான். முதலில் பார்த்தவர் என்று அந்தக் கடற்கரையில் யாரும் இல்லை, துணி துவைத்த பெண்களைத் தவிர.

எண்ணிக்கை ஒரு பிரச்சினை, அதை நகராட்சி பார்க்கும். வாகன நிறுத்தம், வேலி, நுழைவுக் கட்டுப்பாடு என்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டென்றால் அது நேரம்தான். ஓதம் ஏறி வற்ற ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதில் பாதி இருந்தாலே அந்தக் கரை வேறு கரையாகிறது. காலையில் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் கீழ்வாசல், மதியம் பாசி படிந்த பாறைத் தரைமேல் நிற்கிறது. சிப்பித் தொட்டிகளின் தடம் மேலே வருகிறது. கறுப்புச் சிக்கிமுக்கிக் கோடுகள் வெயில் சாய்ந்த பிறகே எண்ணும்படி தெரிகின்றன. விளிம்புக்குப் போகாமலேயே இதையெல்லாம் பார்க்கலாம்.

கடற்கரை அரிப்பை ஆராய்பவர்கள் பழைய ஓவியங்களையும் அஞ்சலட்டைகளையும் தேடி எடுத்து, பாறை எங்கே எவ்வளவு போனது என்று ஒப்பிடுகிறார்கள். நம் போன்களில் இருக்கும் படங்களும் ஒருநாள் அதற்குப் பயன்படும். அஸூர் விண்டோ இன்று இருப்பது சுற்றுலா வந்தவர்களின் படங்களில்தான். கீழ்வாசலும் விழுந்த பிறகு, எந்த நொடியில் எந்தப் பாறை எப்படி நின்றது என்று எண்ணற்ற கோப்புகள் சாட்சி சொல்லும். யாரும் கணக்குப் போடத் தேவையே இருக்காது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மோனே 1883இல் வரைந்த பெருவாசல் இருக்கிறது. படம் முழுக்க வளைவுதான். அதன் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, இரண்டு சின்ன மனித உருவங்கள். இரண்டு மூன்று தூரிகைத் தீற்றல், அவ்வளவுதான். வளைவு எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்காக வைத்தது என்பார்கள். யாரென்று தெரியாது. ஆனால் அவர் வரைந்து முடிக்கும்வரை அவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார்கள், அலை எப்போது வரும் என்று பார்த்தபடி.